குவேக் ரீமாஸ்டரை இப்போது வாங்கலாமா?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். "நான் இப்போது வரும் ஷூட்டர் கேம்களை மட்டும்தான் விளையாடியிருக்கிறேன். குவேக் ரீமாஸ்டரை வாங்கு வாங்கு என்று நண்பன் நச்சரிக்கிறான். 1996-இல் வந்த கேமுக்குக் காசு கொடுக்கலாமா? அவனிடம் ஸ்டீமில் பழைய குவேக் இருக்கிறது, அவனும் திரும்ப வாங்க வேண்டுமா?"

நண்பன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவன் வாங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் ரீமாஸ்டர், அதாவது பழைய கேமை மெருகேற்றிய பதிப்பு வந்தபோது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பழையதை வைத்திருந்தவர்களுக்கு அது இலவச அப்டேட்டாகவே வந்தது. அவன் கணக்கில் அது சும்மா தூங்கிக்கொண்டிருக்கும், போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள். வாங்கலாம். ஆனால் கிராபிக்ஸை நம்பி வாங்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். நைட்டைவ் ஸ்டூடியோஸ் செய்த ரீமாஸ்டர் இது. 4கே வரை ஓடுகிறது, வெளிச்சமும் நிழலும் மேம்பட்டிருக்கின்றன, அரக்கர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் பார்த்தால் பழைய குவேக்தான்: பழுப்புச் சுவர், துருப்பிடித்த இரும்பு, கட்டம் கட்டமான முகம். அப்படியே விட்டதுதான் நல்லது என்பேன். வேறொரு பழைய கேமின் ரீமாஸ்டரை ஆசையாக வாங்கிப் பட்டவன் நான். படங்களையெல்லாம் ஏதோ மென்பொருளில் போட்டு வழவழப்பாக்கியிருந்தார்கள். கடைப் பலகையில் இருந்த எழுத்துகள் புழு நெளிகிற மாதிரி ஆகிவிட்டன. இரண்டு மணி நேரத்தில் மூடி வைத்தேன்.

குவேக்கில் காசு கொடுத்து வாங்குவது ஓட்டத்தைத்தான். உங்களுக்குப் பழக்கமான கேம்களில் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கி, எட்டிப் பார்த்துச் சுட்டு, அடிபட்டால் சற்று ஒளிந்திருந்தால் உடம்பு தானாகத் தேறிவிடும். இங்கே அது நடக்காது. உடல்நலம் பெட்டியை எடுத்தால்தான் ஏறும். துப்பாக்கிக்குக் குண்டு மாற்றுவது என்ற வேலையே கிடையாது, கையில் இருக்கிறவரை சுட்டுக்கொண்டே இருக்கலாம். அதனால் கால் நிற்கவே நிற்காது. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சுடுவது, குதிக்கும்போது மவுஸைத் திருப்பி வேகம் கூட்டுவது, ராக்கெட்டைக் காலடியில் வெடித்து மேல்தளத்துக்குப் பறப்பது, இதெல்லாம் கை பழகப் பழக வரும். மூலக் கேமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அன்று எழுதிய அந்த ஓட்டம் ரீமாஸ்டரிலும் கெடாமல் இருக்கிறது. நான் முதலில் சோதித்துப் பார்த்ததே அதைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஷாம்ப்ளர் என்று ஒரு அரக்கன் வரும். வெள்ளை ரோமம், கண்ணே இல்லாத முகம், இரத்தக்கறை படிந்த நகம். பார்த்த உடனே ராக்கெட் லாஞ்சரைத் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள், வெடிகுண்டுச் சேதம் அதற்குப் பாதிதான் ஏறும். ஒரு தூண் பக்கத்தில் நில்லுங்கள். அது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கும்போது தூணுக்குப் பின்னால் போய்விடுங்கள், மின்னல் தூணில் அடித்துவிட்டுப் போகும். உடனே வெளியே வந்து இரட்டைக்குழல் ஷாட்கன், மறுபடி தூண். முதல் தடவை நிச்சயம் செத்துப்போவீர்கள். ஐந்தாவது தடவை அதனுடன் நடனம் ஆடுவீர்கள். அங்கே சிரிப்பு வந்தால் இந்த கேம் உங்களுக்குத்தான்; எரிச்சல் வந்தால் பணத்தைத் திருப்பி வாங்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, முதல் எபிசோடுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்டர்போல்ட் என்ற மின்னல் ஆயுதம் கிடைத்ததும், தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுட்டுப் பார்க்க வேண்டாம். மொத்த சார்ஜும் உங்கள் மேலேயே இறங்கும்.

எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. சாவியைத் தேட வேண்டும், கதவை நினைவில் வைக்க வேண்டும், சந்தேகமான சுவரைச் சுட்டுப் பார்க்க வேண்டும். மூலக் கேமில் கடினத்தைத் தேர்ந்தெடுக்கவே மெனு கிடையாது. தொடக்கக் கூடத்தில் எந்த வழியாக நடக்கிறீர்களோ அதுதான் உங்கள் நிலை. மிகக் கடினமான நைட்மேர் நிலையை நான்காம் எபிசோடின் வாசலில் உள்ள தண்ணீருக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை, அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை.

இசைதான் எனக்குப் பெரிய காரணம். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் போட்டது. பாட்டு மாதிரி இருக்காது. பக்கத்து அறையில் யாரோ இரும்பை மெல்ல இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு முனகல். அந்தக் காலத்தில் இசை சிடியில் தனித் தடங்களாக இருந்ததால், டிஜிட்டலாக விற்கத் தொடங்கியபோது பல வருஷம் அது இல்லாமலேயே கேம் மட்டும் வந்தது. ரீமாஸ்டரில் இசை திரும்பியிருக்கிறது. ஹெட்போன் போட்டு விளையாடுங்கள்.

ஒரே விலைக்குள் என்னென்ன வருகிறது? மூலக் கேமின் நான்கு எபிசோடுகள், 1997-இல் வந்த இரண்டு மிஷன் பேக்குகள் (கூடுதல் கட்டங்களின் தொகுப்புகள்), மெஷின்கேம்ஸ் நிறுவனம் செய்த இரண்டு கூடுதல் எபிசோடுகள். அதில் டைமென்ஷன் ஆஃப் தி மெஷின் இந்த ரீமாஸ்டருக்கென்றே புதிதாகச் செய்தது. பிரம்மாண்டமாக இருக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே அதில் குதித்தால் மூச்சு முட்டும். கடைசிக்கு வையுங்கள். மூலக் கேமில் நான்காம் எபிசோட் எனக்குப் பிடிக்காது. துள்ளித் துள்ளி வந்து வெடிக்கும் அந்த நீல உருண்டைகளை உருவாக்கியவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

நண்பனும் நீங்களும் ஒரே டிவியில் திரையைப் பிரித்துக்கொண்டு சேர்ந்து விளையாடலாம், நான்கு பேர் வரை. ஆன்லைனில் ஒருவரோடு ஒருவர் மோதுவதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வரைபடங்களைத் தூக்கத்திலும் ஓடிக் கடப்பவர்கள்.

"இலவச சோர்ஸ் போர்ட்கள் இருக்கும்போது ரீமாஸ்டர் எதற்கு?" என்று கீழே ஒருவர் எழுதுவார், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சோர்ஸ் போர்ட் என்றால், பழைய கேமை இன்றைய கணினியில் ஓட வைக்க ரசிகர்கள் செய்த மென்பொருள். நியாயமான கேள்விதான். 1999-லேயே மூல நிரலைத் திறந்து கொடுத்துவிட்டார்கள், அதனால் வி.கே.குவேக், அயர்ன்வேல் போன்றவை இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் கேமின் கோப்புகள் வேண்டும், அதைக் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்? ஸ்டீமில் வாங்கினால் பழைய கோப்புகளும் கூடவே வரும். முதலில் ரீமாஸ்டரை விளையாடுங்கள், ரசிகர்கள் செய்த மோட்களின் (கேமை மாற்றும் கூடுதல் கோப்புகள்) மேல் பைத்தியம் பிடித்தால் அப்புறம் அந்தப் பக்கம் போகலாம்.

வாங்கியதும் செட்டிங்ஸில் காட்சியின் சில பகுதிகளை மங்கலாக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டை அணைத்துவிடுங்கள், பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தலை சுற்றுகிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். தொடக்கக் கூடத்தில் நார்மல் வழியில் நடங்கள். எஃப்6 அழுத்தினால் சேவ் ஆகும், கதவைத் திறப்பதற்கு முன்னால் அழுத்துங்கள், திறந்த பிறகு இல்லை.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.