யான் பாபானெக்: வக்காலத்து பறிபோன தூதர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டின் தூதர் வெளிநாட்டில் இருக்கிறார். சொந்த நாட்டின் தலைநகரில் ஆட்சி கைமாறிவிடுகிறது. மறுநாள் காலை அவர் யாருக்குத் தூதர்? பழைய அரசுக்கா, புதிய அரசுக்கா, மக்களுக்கா? 1948 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு மனிதர் இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்தார். ஐக்கிய நாடுகள் சபையில் செக்கோஸ்லோவாக்கியாவின் நிரந்தரப் பிரதிநிதி அவர். பெயர் யான் பாபானெக். ஸ்லோவாக்கியர்.

1896இல் பிரெசோவா பொட் பிராட்லொம் என்ற சிற்றூரில் பிறந்தவர். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அப்போது ஹங்கேரி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியோடு செய்த 1920 டிரியானான் சமாதான உடன்படிக்கையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஷ்டெஃபான் ஒசுஸ்கியும் இதே ஊர்க்காரர்தான். சின்ன ஊர், இரண்டு தூதர்கள். இருவருமே கடைசியில் அமெரிக்காவில் நாடுகடந்து வாழ்ந்து மறைந்தார்கள்.

பாபானெக் முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இருந்தார். பிறகு இத்தாலியில் செக்கோஸ்லோவாக்கியப் படையணியில் சேர்ந்தார். பாரிஸிலும் சிக்காகோவிலும் படித்தார். பிட்ஸ்பர்க்கில் கான்சல். இரண்டாம் போர்க் காலத்தில் நியூயார்க்கில் தங்கள் நாட்டுத் தகவல் அலுவலகத்தை நடத்தினார். 1945இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போன தூதுக்குழுவில் இருந்தார். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவர் நமது சென்னை மாகாணத்து ஆற்காடு ராமசாமி முதலியார். அதே மன்றத்தில் 1947இல் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் இந்த பாபானெக். அவ்வளவு மதிப்புள்ள இடத்தில் இருந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1948 பிப்ரவரி. செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் கூட்டணி ஆட்சி. 1946 தேர்தலில் நாடு முழுவதும் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 38 சதவீதம். ஆனால் ஸ்லோவாக்கியாவில் ஜனநாயகக் கட்சிக்கு 62 சதவீதம், கம்யூனிஸ்டுகளுக்கு 30 சதவீதம்தான். பிப்ரவரி 19 அன்று சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் சோரின் பிராகில் வந்து இறங்கினார். தானியம் வந்து சேர்வதை மேற்பார்வையிட வந்ததாகச் சொன்னார்கள். மறுநாள், 20ஆம் தேதி, கம்யூனிஸ்ட் அல்லாத 12 அமைச்சர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அதிபர் பெனெஷ் அதை ஏற்கமாட்டார், புதுத் தேர்தல் வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தெருவில் ஆயுதம் தாங்கிய தொழிலாளர் படை, வானொலி நிலையமும் காவல்துறையும் கம்யூனிஸ்டுகள் கையில். 25ஆம் தேதி பெனெஷ் விலகல்களை ஏற்று, கம்யூனிஸ்டுகள் கேட்ட அரசை நியமித்துப் பணிந்துவிட்டார். ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில், அங்குள்ள நிர்வாகத்தின் தலைவரான கம்யூனிஸ்ட் குஸ்தாவ் ஹுசாக் அதற்கும் முந்திக்கொண்டார். பிராகில் உங்கள் கட்சி அமைச்சர்கள் விலகியதால் இங்கே நீங்களும் விலகியதாகத்தான் கணக்கு என்று ஜனநாயகக் கட்சியினரை வெளியேற்றிவிட்டார். விலகாதவர்களை விலகியதாக அறிவிக்கும் வேலை அது.

மார்ச் 10ஆம் தேதி விடிகாலை, வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தன் அமைச்சக மாளிகையான செர்னின் அரண்மனையின் முற்றத்தில் பிணமாகக் கிடந்தார். அன்றைக்கே பாபானெக் ஐ.நா. பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீயிடம் ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் நாட்டின் சுதந்திரம் சோவியத் யூனியனின் பலப்பிரயோக மிரட்டலால் பறிக்கப்பட்டிருக்கிறது, பாதுகாப்புச் சபை இதை விசாரிக்க வேண்டும் என்பது சாரம்.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. வக்கீல் ஒருவர் கட்சிக்காரரின் வக்காலத்தோடு கோர்ட்டில் நிற்கிறார். என் கட்சிக்காரரை வீட்டுக்குள்ளேயே யாரோ மடக்கிப்போட்டுவிட்டார்கள், அவர் பெயரில் இனிமேல் வரும் காகிதத்தை நம்பாதீர்கள் என்கிறார். அடுத்த நிமிடம் அதே கட்சிக்காரரின் கையெழுத்தோடு, இந்த வக்கீலை நீக்கிவிட்டேன் என்று காகிதம் வருகிறது. கோர்ட் எதை எடுத்துக்கொள்ளும்? பாபானெக்கின் நிலைமை அதுதான். பிராக் அரசு அவரை நீக்கியது. லீ அந்தக் கடிதத்தை ஓர் உறுப்பு நாட்டின் கடிதமாக எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். சொந்த அரசையே குற்றம் சாட்டும் கடிதத்தை அந்த அரசின் கடிதம் என்று எப்படிச் சொல்வது?

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உறுப்பு நாடு எழுதினால் செயலாளர் அதை உடனே சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். தனிமனிதர் எழுதினால் அப்படி இல்லை; அந்த மாதிரிக் கடிதங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் ஒரு வரியாக ஏறும், அவ்வளவுதான். ஒரு நாடு விழுந்த செய்தி பட்டியலில் ஒரு வரி!

செக்கோஸ்லோவாக்கியத் தூதர்கள் இதே ஆபத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜெயித்திருந்தார்கள். 1939 மார்ச்சில் ஹிட்லர் பிராகுக்குள் நுழைந்தபோது, வாஷிங்டனில் இருந்த ஸ்லோவாக்கியர் விளாதிமிர் ஹுர்பான் தூதரகச் சாவியை ஜெர்மானியரிடம் கொடுக்க மறுத்தார். அமெரிக்கா அந்த ஆக்கிரமிப்பை ஏற்கவில்லை, ஹுர்பானைத் தூதராகவே தொடர்ந்து மதித்தது. அதே துணிச்சல்தான் பாபானெக்கிடமும். அது பலித்தது, இது ஏன் பலிக்கவில்லை? தூதரின் பத்திரத்துக்கு உயிர் கொடுப்பது அனுப்பிய அரசின் கையெழுத்து மட்டுமல்ல, எதிரே இருப்பவர்களின் அங்கீகாரமும்தான். 1948இல் புதிய அரசை நியமித்தது அதிபர் பெனெஷே. ஜூன் 7 வரை அவர் பதவியிலும் இருந்தார். சட்டப்படி பார்த்தால் சங்கிலி அறவில்லை. அமெரிக்கா உட்பட யாரும் பிராகோடு உறவை முறிக்கவில்லை. பாபானெக்கின் வாதத்தில் பலவீனமான இடம் இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே மிரட்டல் வேலை செய்திருக்கிறது என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

சரி, அடுத்து என்ன செய்தார்கள்? ஐ.நா. சாசனத்தின் 35ஆம் பிரிவுப்படி எந்த உறுப்பு நாடும் எந்தத் தகராறையும் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுவரலாம். சம்பந்தப்பட்ட நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலியின் பிரதிநிதி எர்னான் சாந்தா குரூஸ் மார்ச் 12 அன்று பாபானெக்கின் கடிதத்தைச் சுட்டிக்காட்டித் தானே ஒரு கடிதம் கொடுத்தார். இப்போது அது ஓர் அரசின் கடிதம். லீ அனுப்பித்தான் ஆக வேண்டும். மார்ச் 17 அன்று 9க்கு 2 என்ற வாக்கில் விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே சிலி ஒரு திறந்த கதவைக் கண்டுபிடித்தது.

பாபானெக்கை எப்படிப் பேச வைப்பது? அவர் இப்போது எந்த நாட்டின் பிரதிநிதியும் இல்லை. சபையின் விதி எண் 39 கைகொடுத்தது. தகவல் தரத் தகுதியுள்ள எவரையும் சபை அழைக்கலாம் என்கிற விதி. மார்ச் 22 அன்று தனிமனிதராக, தகவல் தருபவராக அமர்ந்து பேசினார். சோரின் வருகை, மிரட்டல் எல்லாம் சொன்னார். பிராகின் புதிய பிரதிநிதி விளாதிமிர் ஹௌடெக், இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று விவாதத்தில் கலந்துகொள்ள மறுத்தார். அந்த ஹௌடெக்கே இரண்டு ஆண்டு கழித்து, 1950 மே மாதம், பதவியை விட்டு அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வருவது வாக்குக் கணக்கு. நேயர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், மூன்று எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். அன்றைய சபையில் உறுப்பினர்கள் 11 பேர். தீர்மானம் நிறைவேற வேண்டிய வாக்கு 7. நிரந்தர உறுப்பினர்கள் 5 பேர். நடைமுறை விஷயம் என்றால் ஏதாவது 7 வாக்கு போதும், வீட்டோ, அதாவது நிரந்தர உறுப்பினர் ஒருவரே தடுத்துவிடும் உரிமை, கிடையாது. அடிப்படை விஷயம் என்றால் 7 வாக்கும் வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஒருவரும் எதிர்க்கவும் கூடாது.

தீர்மானம் என்ன கேட்டது? யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்து, சாட்சிகளைக் கேட்டு, சபைக்கு அறிக்கை கொடுக்கச் சொன்னது. அவ்வளவுதான். சிலி சபை உறுப்பினர் அல்ல. உறுப்பினர் அல்லாதவர் தீர்மானம் கொடுக்கலாம், ஆனால் உறுப்பினர் ஒருவர் கேட்டால்தான் அது வாக்குக்கு வரும். அதனால் அர்ஜென்டினா அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

மே 24. 303ஆவது கூட்டம். தலைமை பிரான்சின் பரோடி. முதல் கேள்வி: துணைக்குழு அமைப்பது நடைமுறை விஷயமா? 8 பேர் ஆம், 2 பேர் இல்லை, பிரான்ஸ் நடுநிலை. இல்லை என்றவர்கள் சோவியத் யூனியனும் உக்ரைனும். எட்டு வாக்கு இருக்கிறது, அப்படியானால் நடைமுறை விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். பரோடி அப்படிச் சொல்லவில்லை. 1945 ஜூன் 7 அன்று சான்பிரான்சிஸ்கோவில், மாநாட்டுக்கு அழைப்பு விடுத்த நான்கு நாடுகள் ஓர் அறிக்கை கொடுத்திருந்தன: ஒரு விஷயம் நடைமுறையா இல்லையா என்ற கேள்விக்கே நிரந்தர உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும் என்று. அதனால் ஒரு நிரந்தர உறுப்பினர் இல்லை என்றதாலேயே இது அடிப்படை விஷயம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்தார்கள். இரண்டாவது வாக்கு: தலைவரின் தீர்ப்பை ரத்து செய்யலாமா? ரத்து செய்ய 6, வேண்டாம் என்று 2, நடுநிலை 3. தேவை 7. ஒரே ஒரு வாக்குக் குறைந்தது! தீர்ப்பு நின்றது. மூன்றாவது வாக்கு தீர்மானத்தின் மேல்: ஆதரவு 9, எதிர்ப்பு 2. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் யூனியன், ஆகவே தீர்மானம் செத்தது. முதல் வீட்டோ, வீட்டோ போட முடியுமா என்ற கேள்விக்கு. இரண்டாவது வீட்டோ, விஷயத்துக்கே. இதைத்தான் இரட்டை வீட்டோ என்கிறார்கள். சோவியத் பிரதிநிதி க்ரோமிகோ ஒரே கூட்டத்தில் இரண்டையும் போட்டார்.

மறுபடியும் சொல்கிறேன், சாட்சி கேட்பதைத்தான் தடுத்தார்கள். தப்பி வந்தவர்கள் மேற்கு ஜெர்மனி முகாம்களில் இருந்தார்கள், கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்க ஆள் அனுப்ப முடியவில்லை. 1959இல் லாவோஸ் பிரச்சினையில் இதே மாதிரித் துணைக்குழு கேட்டார்கள். தலைமையில் இருந்த இத்தாலியின் ஓர்தோனா, இது நடைமுறை விஷயம் என்று தீர்ப்புச் சொன்னார். சோவியத் எதிர்ப்பை மீறிக் குழு அமைந்தது. அதே சாசனம், அதே விதி, தலைமை நாற்காலியில் இருந்தவரின் தீர்ப்பு வேறு. பதினோரு ஆண்டு முன்னால் அந்தத் தீர்ப்பு கிடைத்திருந்தால் பிப்ரவரி நாட்களைப் பற்றிய சாட்சியம் சூட்டோடு சூடாகப் பதிவாகியிருக்கும். ஆட்சி திரும்பியிருக்காது, ஆனால் பதிவு இருந்திருக்கும். எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான்.

தோற்ற பிறகும் செக்கோஸ்லோவாக்கியப் பிரச்சினை என்ற தலைப்பு சபையின் பட்டியலிலிருந்து எடுக்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் அதில் இருந்தது. அதே ஆண்டு ஏறிய இந்தியா-பாகிஸ்தான் பிரச்சினை, ஹைதராபாத் பிரச்சினை ஆகியவற்றோடு சேர்ந்தே அச்சாகி வந்தது.

நேரம் நெருங்குகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். பாபானெக்கின் அடுத்த நாற்பது ஆண்டுகளைச் சொல்ல நிமிடங்களே இருக்கின்றன. அதுவே அவருடைய பெரிய வேலை என்பது என் எண்ணம். 1948இலேயே செக்கோஸ்லோவாக்கிய அகதிகளுக்கான அமெரிக்க நிதியம் தொடங்கியது. அதை அவர் தலைமையேற்று நடத்தினார். அந்த அகதிகளுக்கு என்ன சிக்கல் தெரியுமா? தேதி. 1948 ஜூனில் அமெரிக்கா கொண்டுவந்த இடம்பெயர்ந்தோர் சட்டம் 1945 டிசம்பர் 22க்குள் முகாம் பகுதிக்கு வந்தவர்களுக்குத்தான். பிப்ரவரியில் ஓடி வந்தவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கென்று தனியாக 2,000 விசா மட்டும் ஒதுக்கினார்கள். 1950இல்தான் பொதுத் தேதியை 1949 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். விசாவுக்கு ஓர் அமெரிக்கர் உத்தரவாதம் எழுத வேண்டும்: இவருக்கு வேலை இருக்கிறது, வேறு யாருடைய வேலையையும் பறிக்கவில்லை, தங்க இடம் இருக்கிறது, அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று. முகாமில் இருக்கிறவருக்கு அமெரிக்காவில் யாரைத் தெரியும்? அந்த ஆளைத் தேடித் தருவதுதான் இப்படிப்பட்ட நிதியங்களின் அன்றாட வேலை. 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த பிறகு அடுத்த அகதி அலை வந்தது. 1975க்குப் பிறகு இந்தோசீன அகதிகளைக் குடியமர்த்திய தொண்டு நிறுவனங்களில் இதே நிதியமும் ஒன்று. வியட்நாம்காரருக்கும் அதே உத்தரவாதத் தாள், அதே வேலை தேடல்.

அவரோடு ஒப்பிட இன்னொரு ஸ்லோவாக்கியரும் உண்டு. மசாரிக்குக்குப் பின் வெளியுறவு அமைச்சரான விளாதிமிர் கிளெமென்டிஸ். 1949இல் ஐ.நா. கூட்டத்துக்கு நியூயார்க் வந்தார், திரும்பிப் போனார், 1952 டிசம்பரில் சொந்தக் கட்சியாலேயே தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. பாபானெக் 1989இல் அந்த ஆட்சி விழுந்ததைக் கண்ணால் பார்த்து, 1991இல் நியூயார்க் வட்டாரத்தில் காலமானார். அவருடைய ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. பாதுகாப்புச் சபையின் 1948ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகள் ஐ.நா. நூலகத் தளத்தில் கிடைக்கின்றன. ஆர்வமுள்ள நேயர்கள் 268ஆவது கூட்டத்தில் தொடங்கி 303 வரை படிக்கலாம். அவசரம் என்றால் 303 ஒன்றை மட்டுமாவது படியுங்கள். வணக்கம்.