அஞ்சல் துறையில் தொடங்கிய மரியாதை

அவையோருக்கு வணக்கம்.

வரைகலை வடிவமைப்பாளர்கள் கூடும் இடங்களில் எல்லாம் ஒரே குறைதான் காதில் விழுகிறது. கடைசி நேரத்தில் கூப்பிடுகிறார்கள். லோகோவைப் பெரிதாக்கு என்கிறார்கள். "கம்ப்யூட்டர் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே" என்கிறார்கள். குறை உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலுக்கு மதிப்புக் கிடைத்த நாடுகளின் கதையைப் புரட்டினால், முதல் பக்கத்தில் பெரும்பாலும் வேலை கொடுத்தவர்தான் நிற்கிறார்.

நெதர்லாந்தைப் பாருங்கள். வான் ரோயன் சட்டம் படித்தவர். அந்நாட்டு அஞ்சல் துறையில் அதிகாரி. அரசு அச்சிடும் தாள்களைப் பற்றி 1912இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்துரு அசிங்கம், அச்சுக்கோப்பு அசிங்கம், காகிதமும் அசிங்கம் என்று போட்டு உடைத்தார். தான் வேலை பார்க்கும் அரசைப் பற்றி ஓர் அதிகாரி இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பிறகு 1920இல் துறையின் பொதுச் செயலாளராகி, தபால்தலைக்கும் விளம்பரத்துக்கும் நல்ல கலைஞர்களைத் தேடித்தேடி அழைத்தார். பீட் ஸ்வார்ட் போன்ற புரட்சிகரமான வடிவமைப்பாளர்களுக்கும் அரசு அலுவலகத்தின் கதவு திறந்தது. 1942இல் ஆமர்ஸ்ஃபோர்ட் நாஜி முகாமில் வான் ரோயன் இறந்துபோனார். போர் முடிந்த 1945இலேயே அந்தத் துறை வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. ஒரு மனிதரின் பிடிவாதம் நிறுவனத்தின் வழக்கமாகிவிட்டது.

பின்னாளில் அந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற ஓட்யே ஒக்ஸெனார்தான் 1982இல் வந்த 50 கில்டர் நோட்டை வடிவமைத்தவர். கில்டர் என்பது அந்நாட்டின் அன்றைய நாணயம். மன்னர் முகமோ தலைவர் முகமோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. நல்ல வடிவமைப்பைத் தினமும் கையில் எண்ணிப் பழகிய மக்களுக்கு அதன் அருமையைத் தனியாக விளக்க வேண்டியிருக்குமா?

சுவிட்சர்லாந்தில் வழி வேறு. அங்கே அச்சுக்கூடத்தில் வேலை பழகும் இளைஞர் வாரத்தில் சில நேரம் தொழிற்பள்ளிக்கும் போவார். பாசல் நகரத்தின் தொழிற்பள்ளியில் 1942 முதல் கற்பித்த எமில் ரூடரே அச்சுக்கோப்பாளராகப் பழகி வந்தவர்தான். கைத்தொழில் கீழ், படிப்பு மேல் என்ற எண்ணம் ஊறிய சமூகத்தில் இப்படி ஓர் ஆசிரியர் உருவாவது கடினம்.

வசதியான நாடுகளுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். போருக்குப் பின் போலந்து இடிபாடுகளில் கிடந்தது. தணிக்கையும் இருந்தது, அதை நான் புகழவில்லை. ஆனாலும் திரைப்படச் சுவரொட்டியை ஓவியர்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். 1952 முதல் வார்சா கலைக்கழகத்தில் சுவரொட்டிக் கலைஞர் ஹென்ரிக் டோமஷெவ்ஸ்கி ஒரு தலைமுறையையே வளர்த்தார். 1968இல் வார்சாவின் விலனோவில் சுவரொட்டிக்கென்றே அருங்காட்சியகம் எழுந்தது.

அதனால்தான், வடிவமைப்புக் கல்லூரிகளை மட்டும் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அங்கே படித்து வெளியே வருபவர் யாரிடம் வேலைக்குப் போகிறார்? ஓவிய வகுப்பை ஓய்வு நேரமாகவே கண்டு வளர்ந்த மேலாளரிடம், பொறியாளரிடம், அதிகாரியிடம். கண்ணைப் பழக்க வேண்டியது அவர்களுக்குத்தான். மருந்தியல் மாணவரிடம் ஒரு மருந்து லேபிளைக் கொடுத்து, முதியவர் படிக்கும்படி மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். நிர்வாகம் படிப்பவரிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுங்கள். எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்று அவர்களே மல்லுக்கட்டட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இதை முதலில் தொடங்கலாம்; கரும்பலகையை எப்படிப் பிரித்து எழுதுவது என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்விதானே.