நினைவுக் கல்லே நிலைத்த மரியாதை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பணியின்போது உயிர்நீத்த காவலருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை குடும்பத்துக்கான உதவியா, பொது நினைவுச் சின்னமா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "கல்லுக்கு மாலை போட்டால் வீட்டில் உலை கொதிக்குமா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிச் சென்றார். கொதிக்காதுதான். ஆனால் நிவாரணத் தொகையும் கருணை அடிப்படையிலான வேலையும் ஓய்வூதியமும் அரசு தன் ஊழியருக்குப் பட்ட கடன். கடனை அடைத்ததற்கு மரியாதை என்று பெயர் சூட்ட எங்கள் அணியால் இயலாது.

2021 நவம்பரில், திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், இரவு ரோந்தின்போது ஆடு திருடர்களை இருசக்கர வாகனத்தில் விரட்டிச் சென்று, மடக்கிய இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது இந்த அரங்கில் பலருக்கு நினைவிருக்கும். அவர் பெயர்? பூமிநாதன். தொகை மனத்தில் தங்கியது, பெயர் நழுவிவிட்டது. கள்வர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து வழிபட்ட மண் இது. நம்பாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று அங்குள்ள நடுகற்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் மாண்டார்கள். அவர்கள் வீடுகளுக்குச் சென்ற தொகை எவ்வளவு என்று எதிரணியினர் சொல்ல முடியுமா? ஆனால் அந்த நாள்தான் இன்றும் காவலர் வீரவணக்க நாள். ஆண்டுதோறும் அன்று, காமராஜர் சாலையில் உள்ள டி.ஜி.பி. அலுவலக வளாகத்தின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. துப்பாக்கிகளின் முனை தரை நோக்கித் தாழ்கிறது.

"அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, மதிற்சுவருக்குள்ளே. எதிரே மெரினாவில் காற்று வாங்க வருபவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? ஆகவே உதவித்தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காமல் எங்கள் அணி கேட்பது இதுதான்: மாண்ட காவலர் பணியாற்றிய நிலையத்தின் வாசலில், புகார் கொடுக்க வருபவர் கண்ணில் படும்படி, பெயரும் நாளும் செயலும் பொறித்த ஒரு கல்லை நட வேண்டும்.