அந்த ஓவியம் எந்த மியூசியத்துல இருக்கு?

அடுத்த கேள்வி. "மார்க்கன்டோனியோவோட 'பாரிஸின் தீர்ப்பு' அச்சுப்படம் ராஃபேல் ஓவியத்தோட நகல்னா, மூல ஓவியம் எங்க இருக்கு?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க. ராஃபேல் இத்தாலிய ஓவியர், மார்க்கன்டோனியோ அவர் காலத்து அச்சுச் செதுக்கர். கேள்வியப் படிச்சதும் சிரிச்சுட்டேன். உங்களப் பாத்து இல்லைங்க. நானும் ஒரு காலத்துல அதத் தேடு தேடுன்னு தேடினவன்தான்.

அப்படி ஒரு ஓவியமே கிடையாது! ராஃபேல் அச்சுக்குன்னே கோட்டுச்சித்திரம் வரைஞ்சு குடுக்கறார், மார்க்கன்டோனியோ அதச் செப்புத் தகட்டுல செதுக்கறார். 1510லேர்ந்து 1520க்குள்ள, ரோம்ல. படத்துலயே லத்தீன்ல போட்டிருக்கு: கற்பனை உர்பினோ ராஃபேல், செஞ்சது எம்.ஏ.எஃப்., அதாவது மார்க்கன்டோனியோ. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் பத்திப் பேசினப்பவே சொன்னேன், அச்சுப்படம்னா நகல்னு நினைக்காதீங்கன்னு. திரும்பவும் சொல்றேன், நகல் இல்ல.

அதுல இன்னொரு வரியும் இருக்கு. அழகுக்கு முன்னால அறிவு, வீரம், அரசு, பொன் எல்லாம் தூசுன்னு. வீனஸ், ஜூனோ, மினர்வான்னு மூணு தேவியர்ல யாரு அழகுன்னு தீர்ப்பு சொல்ல வந்த ட்ராய் இளவரசன் பாரிஸ், தங்க ஆப்பிளை வீனஸ் கையில குடுக்கறான்ல, அந்த நியாயம்! ஜூனோ விரலை நீட்டி மிரட்டிட்டு நிக்கறா. மினர்வா நமக்கு முதுகக் காட்டிட்டா. தாள்ல அடிக்கும்போது திரும்பிடும்கறதால, இந்த எழுத்தையெல்லாம் தகட்டுல கண்ணாடியில தெரியற மாதிரி, வலமிருந்து இடமாச் செதுக்கணும். ஸ்கூல்ல நான் உருளைக்கிழங்குல 'க' செதுக்கி மையில தொட்டு அடிச்சேன், திரும்பிக்கிட்டு விழுந்துச்சு. ட்ராயிங் வாத்தியார் அத வகுப்பு பூரா காட்டினார். ஒரு எழுத்துக்கே அந்தப் பாடு.

ராஃபேலுக்கும் இது ஆகாசத்துலேர்ந்து வரல. பழைய ரோமானியக் கல் சவப்பெட்டிகள்ல இதே கதைச் சிற்பம் இருக்கு, அதப் பாத்துத்தான். அப்ப எது மூலம், எது நகல்?

உண்மையில நீங்க கேட்டிருக்க வேண்டியது, வலது பக்கக் கீழ் மூலையில சும்மா உக்காந்திருக்காங்களே, ரெண்டு நதி தேவர்களும் ஒரு நீர்மகளும், அவங்க யாருன்னு. தீர்ப்புக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. படமே 44 செ.மீ. அகலம்தான், அதுல இவங்க ஒரு ஓரம். 1863ல பாரிஸ் நகரத்துல பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானே 'புல்வெளியில் மதிய உணவு'ங்கற ஓவியத்தக் காட்டறார், ஒரே கூச்சல். கோட்டு போட்ட ரெண்டு ஆம்பளைங்க நடுவுல துணியில்லாத பொண்ணான்னு. அந்த மூணு பேரும் இவங்கதாங்க! அதே உக்காரல், அதே முழங்கை. நீர்மகள் அந்தத் தீர்ப்பக் கண்டுக்காம நம்மளப் பாக்கறா பாருங்க, மானேயோட பொண்ணும் அப்படியே பாப்பா.