எரிந்தது எது, எரித்தது எது

நேயர்களுக்கு வணக்கம். நான் பெரம்பூரில் ஒரு சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிவி, ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வீட்டில் கரண்டில் ஓடுகிற எது வந்தாலும் பார்ப்பேன். 28 வருடமாக இதுதான் வேலை.

இண்டக்‌ஷன் அடுப்புகள் ரிப்பேருக்கு வரத் தொடங்கிய புதிதில், அயனாவரத்திலிருந்து ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் துணிப்பை, அதற்குள் அடுப்பு. "தம்பி, பால் பொங்கி வர்ற நேரம். டப்புன்னு ஒரு சத்தம். வீடே இருட்டாயிடுச்சு" என்றார். ஏற்கெனவே வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவர் தனியாக இருப்பவர். கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார் என்று மகன் வாங்கிக் கொடுத்த அடுப்பு அது. நேரம் வைத்தால் தானாக அணைந்துவிடும். பட்டன்கள் கைக்குப் பழகிவிட்டன, வேறு அடுப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமே என்பதுதான் அவர் கவலை.

அடுப்பைத் திறந்தேன். கருகிய போர்டுக்கு லேசாக ஒரு மீன் வாடை உண்டு. எங்கள் தொழிலில் மீட்டருக்கு முன்னால் மூக்குதான் வேலை செய்யும். அடுத்தது ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸில் கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் இழுத்து மெதுவாகப் போயிருக்கிறது. உள்ளே முழுக்கக் கறுத்திருந்தால் பின்னால் எங்கேயோ நேர் ஷார்ட். இதில் கறுத்திருந்தது. மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஐ.ஜி.பி.டி.யின் மூன்று காலிலும் தொட்டேன். எந்த இரண்டு காலைத் தொட்டாலும் பீப். ஆள் காலி.

இந்த ஐ.ஜி.பி.டி. என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. அடுப்புக்குள் அது டிசியாக மாறும்போது உச்சத்தில் 325 வோல்ட் வரை போகும். அந்த டிசியைச் செம்புக் கம்பி சுற்றிய காயிலுக்கு விட்டு விட்டுக் கொடுப்பது ஐ.ஜி.பி.டி. ஒரு விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் கரண்டுக்கு வழி திறந்து மூடுகிற ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மூடுகிற ஒவ்வொரு முறையும் காயிலில் இருக்கும் சக்தி பக்கத்திலுள்ள கெபாசிட்டருக்குப் பாயும். அந்தக் கணத்தில் ஐ.ஜி.பி.டி.யின் தலையில் ஆயிரம் வோல்ட்டை ஒட்டி ஏறும். தாங்குவது 1200 வோல்ட். அவ்வளவு நெருக்கத்தில்தான் அது நாள் முழுக்க உழைக்கிறது.

ஐ.ஜி.பி.டி.யையும் ஃபியூஸையும் மாற்றினேன். தண்ணீர் வைத்துப் பார்த்தேன், கொதித்தது. கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அதே ஆட்டோ, அதே துணிப்பை. அந்த அம்மா கோபப்படவே இல்லை. "மறுபடி டப்புன்னுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அன்றைக்குத்தான் புரிந்தது. போர்டில் கருகிக் கிடப்பது அடிபட்ட ஆள். அடித்த ஆள் பெரும்பாலும் பார்க்க நன்றாகவே இருப்பான்.

கடையை மூடிய பிறகு அந்தப் போர்டில் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ரெசனன்ஸ் கெபாசிட்டர் வெளியில் பளபளவென்று இருந்தது. மேலே கொள்ளளவு 0.3 எம்.எஃப்.டி. என்று எழுதியிருக்கிறது, மீட்டர் காட்டியது 0.19. வெடிக்கவில்லை, உப்பவில்லை, கருகவில்லை. இளைத்துப்போயிருந்தது. கெபாசிட்டர் சிறுத்தால் காயிலிலிருந்து வரும் அதே சக்திக்கு இடம் குறைவு, வோல்டேஜ் மேலே எகிறும். ஆயிரத்தில் நிற்க வேண்டியது 1200-ஐத் தாண்டினால் எவ்வளவு புது ஐ.ஜி.பி.டி. போட்டாலும் போகத்தான் செய்யும். நான் இன்னும் பத்து மாற்றியிருந்தாலும் பத்தும் போயிருக்கும்.

இதுபோல மறைந்திருந்து அடிக்கிறவர்கள் இன்னும் உண்டு. ஐ.ஜி.பி.டி.யைத் திறக்கச் சொல்லி வரும் 18 வோல்ட் சப்ளையில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் 18 வோல்ட் இறங்கிப்போகும், ஐ.ஜி.பி.டி. அரைகுறையாகத் திறந்து கொதிக்கும். இந்த வகைக் கெபாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு: பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், பத்து டிகிரி கூடினால் பாதியாகும். அதனால்தான் அடுப்பைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காற்று போகும் வழியை அடைக்காதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையில் அந்தக் கெபாசிட்டர் படும் பாடு அதற்குத்தான் தெரியும்.

அப்புறம் கரப்பான் பூச்சி. விசிறி ஓட்டை வழியாக உள்ளே போய், கதகதப்பாக இருக்கிறது என்று போர்டிலேயே குடியிருக்கும். ஒரு நாள் ஐ.ஜி.பி.டி.யின் இரண்டு காலுக்கு நடுவில் நிற்கும். அத்தோடு இரண்டின் கதையும் முடிந்தது. திருவொற்றியூர், காசிமேடு பக்கமிருந்து வரும் போர்டுகளில் வேறு விதம். உப்புக் காற்றில் பாகங்களின் கால்கள் பச்சை பூத்து, தொட்டாலே ஒடியும்.

நீல நிறத்தில், காசு மாதிரி வட்டமாக ஒரு பாகம் கரண்ட் நுழையும் இடத்தில் நிற்கும். பெயர் வேரிஸ்டர். மேலே 471 என்று இருந்தால் 470 வோல்ட் என்று அர்த்தம். அதுவரை சும்மா இருக்கும். தெருவில் நியூட்ரல் அறுந்து ஒரு வீட்டுக்கு 400 வோல்ட் வந்துவிட்டதென்றால், ஏசியில் அதன் உச்சம் 560-ஐத் தாண்டும். அப்போது இந்த வேரிஸ்டர் தன் வழியாகவே கரண்டை விட்டு, தான் எரிந்து, ஃபியூஸையும் போகவைத்து, பின்னால் உள்ள மொத்தப் போர்டையும் காப்பாற்றிவிடும். சிலர் அதை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அடுப்பு வேலை செய்யும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக் காவலாளி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறான், அவன் இடத்தில் ஆளே போடாமல் கதவைத் திறந்து வைக்கிறோம். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் இதே பாவம்தான்.

கருகியதன் எண்ணே அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று பழக வரும் பையன்கள் கேட்பார்கள். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் சுலபம், இடது பக்கம் போயிருந்தால் வலது பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ரெசிஸ்டரின் வண்ணக் கோடு கருகியிருந்தால், சில சமயம் உடைந்த இடம் வரைக்கும் இரண்டு பக்கமிருந்தும் தனித்தனியாக அளந்து கூட்டினால் கிட்டத்தட்ட மதிப்பு கிடைக்கும். எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் ஃபோனில் ஒரு படம். போர்டே கறுத்திருந்தால் அந்தக் கரியை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கரி கரண்டைக் கடத்தும், புதுப் பாகத்தையும் அதுவே எரிக்கும்.

பாகம் வாங்க எனக்கு ரிச்சி தெருதான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாகக் கடைகள். கவுன்ட்டரில் நின்றால் பெயர் கேட்கமாட்டார்கள், "என்ன நம்பர்?" என்பார்கள். எண்ணைச் சொன்னதும் பின்னால் இருக்கும் நூறு சின்ன டப்பாக்களில் ஒன்றுக்குக் கை நேராகப் போகும். ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும். பழைய போர்டிலிருந்து கழற்றி மேலே புதிதாக எண் அடித்த சரக்கும் சந்தையில் உண்டு. விலை பாதியாக இருந்தால் நான் வாங்குவதில்லை. தெரிந்த கடைக்காரரிடம் "எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்?" என்று கேட்பேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஸ்குரூ டிரைவரை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் இது இன்னும் மோசம். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரை அதன் காலில் பிடித்தால் பல்பு மினுக்கி அணையும், பிறகு மீட்டரால் உறுதி செய்யுங்கள். சரி செய்ததும் நேராகக் கரண்ட் கொடுக்காமல் 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைக் கரண்ட் வரும் ஒயரில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு முழுப் பிரகாசத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒரு வெட்டு வெட்டி மங்கினால் மூச்சு வந்துவிட்டது. அடுப்பாக இருந்தால் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் 18 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள், பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து மூடியைத் திறக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் "ஏன் போச்சு?" என்று அவரிடம் கேளுங்கள்.

என் சின்ன வயதில் பார்த்த வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின்பக்க மூடியின் உட்புறம் முழு சர்க்யூட் படமும் ஒட்டியிருக்கும். திறப்பவனுக்கு வழிகாட்டி. இன்றைக்கு வருகிற சாமான்களில் அது கிடையாது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருடம் டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. உதிரிபாகமும் விவரப் புத்தகமும் வாங்கியவருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். எனக்கு வேண்டியது அந்தப் பழைய ஒட்டுக் காகிதம் மாதிரி ஒன்று. அது இருந்திருந்தால் அயனாவரத்து அம்மா இரண்டாவது தடவை ஆட்டோவுக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அவர் அடுப்புக்குப் புது ரெசனன்ஸ் கெபாசிட்டர், ஐ.ஜி.பி.டி., ஃபியூஸ் போட்டேன். பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். விசிறியில் அடைந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன். இரண்டாவது முறைக்குக் காசு வாங்கவில்லை. மூடியின் உட்புறம் மார்க்கர் பேனாவால் தேதியும், எதை மாற்றினேன், எது எத்தனை வோல்ட் இருந்தது என்பதும் எழுதிவைத்தேன். அன்றிலிருந்து எந்தச் சாமானை மூடும்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

நாலு வருடம் கழித்து அவர் மகன் அதே அடுப்பைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை விசிறி நின்றுபோயிருந்தது. திறந்ததும் என் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதி மூடினேன். வணக்கம்.