சூசோ: அவசரக்காரர்களுக்குத் தெரியாத ஊர்

வணக்கம். சீனாவில் சூசோ என்ற ஊரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஷாங்காயிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர், அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரம்தான். அதனாலேயே பலரும் காலையில் போய் நாலு தோட்டத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு ஷாங்காய் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதான், ஒரு குளம், ஒரு மண்டபம், கொஞ்சம் பாறை" என்பார்கள். அந்த வேகத்தில் ஓடினால் அப்படித்தான் தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சூசோவின் இந்தத் தோட்டங்கள் பொதுப் பூங்காக்களாகக் கட்டப்பட்டவை இல்லை. பெரும்பாலும் அரசுப் பதவியை விட்டு வந்த அதிகாரிகளும் வசதியானவர்களும் ஊருக்கு நடுவே வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டவை. தெருவில் நின்று பார்த்தால் வெள்ளைச் சுவர்தான். உள்ளே போனாலும் முழுத் தோட்டமும் ஒரே பார்வையில் அகப்படாது. பாதை வளையும், எதிரே சுவர் வரும், அந்தச் சுவரில் பூவேலை செய்த சாளரம் ஒன்று இருக்கும், அதன் வழியே அடுத்த முற்றத்து மூங்கில் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மீதியைப் பார்க்க நடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பெரியது ஜுவோஜெங் தோட்டம், 5 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே. மிங் அரச வம்சத்தின் காலத்தில், 1509 வாக்கில், வாங் ஷியான்செங் என்ற அதிகாரி பதவி போதும் என்று ஊர் திரும்பி ஆரம்பித்தது. அவர் மகன் ஒரே ராத்திரியில் சூதாடித் தோற்றுவிட்டான் என்பார்கள்! இங்கே குளத்தின் மேற்குக் கோடியைப் பாருங்கள், மரங்களுக்கு மேலே ஒரு பகோடா, அதாவது அடுக்கடுக்கான கோயில் கோபுரம், நிற்கும். அது தோட்டத்துக்குள் இல்லை, ஊருக்குள் இருக்கும் வடக்குக் கோயிலின் பகோடா. ஊரார் சொத்தை நம் தோட்டத்துக் காட்சியில் சேர்த்துக்கொள்வது, அதுவும் செலவில்லாமல்! கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், அப்புறம் ஒலிபெருக்கி வைத்த வழிகாட்டிகள் வந்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது வாங்ஷி தோட்டம். முன்னதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும்போது அது தெரியவே தெரியாது. குளத்தின் ஒரு மூலையில் கல்பாலம் ஒன்று, பொம்மைப் பாலம் மாதிரி, மூன்று எட்டில் தாண்டிவிடலாம். பாலம் அவ்வளவு குட்டியாக இருப்பதால்தான் குளம் பெரிதாகத் தெரிகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1981-இல் திறந்த சீன முற்றத்துக்கு இந்தத் தோட்டத்து முற்றம் ஒன்றுதான் மாதிரி. சூசோ கைவினைஞர்களே போய்க் கட்டிக் கொடுத்தார்கள்.

பாறைப் பைத்தியம் உள்ளவர்கள் ஷிஸிலின் என்னும் சிங்கத் தோப்புக்குப் போகலாம். தைஹு ஏரியில் தண்ணீர் அரித்து ஓட்டை ஓட்டையாக்கிய சுண்ணாம்புக் கற்களை அடுக்கி ஒரு புதிர்ப்பாதையே செய்திருக்கிறார்கள், குழந்தைகள் உள்ளே போனால் வெளியே வர மனசே வராது. 1917-இல் இதை வாங்கியது கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யின் குடும்பம். அவர் வடிவமைத்து 2006-இல் திறந்த சூசோ அருங்காட்சியகம் பக்கத்திலேயே, ஜுவோஜெங் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொதுவான வெள்ளைச் சுவருக்கு முன்னால் கற்களைப் பாளம் பாளமாக அறுத்து நிறுத்தியிருக்கிறார், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் தாளில் மை கொண்டு தீட்டிய மலைத்தொடர். பழைய தோட்டங்களைப் பார்த்த கையோடு போனால்தான் அந்த மனுஷன் செய்த வேலை புரியும்.

சரி, கால்வாய்கள். 1229-இல் கல்லில் செதுக்கிய ஊர் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கால்வாய்களில் பல இன்றும் அதே இடத்தில் ஓடுகின்றன. பிங்ஜியாங் தெருவில் அதைப் பார்க்கலாம், ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் தண்ணீர். முகப்பில் நெரிசலாக இருந்தால் குறுக்குச் சந்துக்குள் திரும்பிவிடுங்கள், வீட்டுப் பின்வாசலிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள் இன்னும் இருக்கின்றன.

அக்டோபர் முதல் வாரம் மட்டும் போகவே போகாதீர்கள், சீனாவுக்கே தேசிய விடுமுறை. மற்ற நாட்களிலும் தோட்டத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வார்கள், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள், கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை.