முன்வரிசையில் இருப்பவரின் பாரம்

தோழர்களே, வணக்கம்.

மனு வாங்கும் எழுத்தர், இரவுப் பணிச் செவிலியர், அவசர ஊர்தி ஊழியர், பேருந்து நடத்துநர் என்று இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். வேலை வேறு வேறு, பாரம் ஒன்றுதான். விதியை எழுதியவர் எங்கோ இருக்கிறார், அதற்காக ஏச்சு வாங்குபவர் நீங்கள். "சர்வர் வேலை செய்யவில்லை" என்று நூறு பேரிடம் சொல்லவேண்டியது உங்கள் பொறுப்பு. அதைச் சரிசெய்யும் அதிகாரமோ உங்களிடம் இல்லை.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் இதைத்தான் எழுதினார். வேலை மலையாகக் குவிந்தாலும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இருந்தால் மனிதர் தாங்கிக்கொள்கிறார். நெருக்கடி கூடி, உரிமையும் குறையும்போதுதான் நொடிந்துபோகிறார்.

சரி, நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? முகத்தை இறுக்கிக்கொள்கிறோம். நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொல்கிறோம். அழுதுகொண்டு வந்தவருக்கும் அதட்டிக்கொண்டு வந்தவருக்கும் அதே நான்கு வார்த்தைகள். வெளியே இதைத் திமிர் என்கிறார்கள். பெரும்பாலும் இது திமிரில்லை, தற்காப்பு. ஒவ்வொருவர் துயரத்தையும் முழுதாக உள்ளே வாங்கினால் மாலைவரை உட்கார முடியாது. ஆனால் அந்தத் தற்காப்புக்கு விலை கொடுப்பவர் எதிரே நிற்பவர். அதிலும், போக வேறு இடம் இல்லாத ஏழை. இதையும் நாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உலகச் சுகாதார அமைப்பு 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறமையாகச் செய்யமுடியாமல் போவது. நிமிர்ந்து பார்க்காத அந்தப் பதில் இரண்டாவதின் அறிகுறியாக இருக்கலாம். இதை நோய் என்று அவர்கள் வகைப்படுத்தவில்லை. நெடுநாள் தீராத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றார்கள். அப்படியானால் ஊழியருக்கு மட்டும் ஒரு மணி நேர மூச்சுப்பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதுமா? மூச்சுப்பயிற்சி நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் திரும்பி வந்து உட்காரும் நாற்காலி அதேதானே?

தாங்கவைப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆள். கூச்சல் எழும்போது எழுந்துவந்து, "இதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே போய்த் தண்ணீர் குடி" என்று சொல்லும் மேலதிகாரி. தகராறு முடிந்ததும் விளக்கக் கடிதம் கேட்காமல், "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கும் அலுவலகம்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது மூன்று. முன்வரிசைப் பணியைச் சுழற்சியில் கொடுங்கள். மோசமான சம்பவத்துக்குப் பின் கொஞ்ச நேரம் இடைவெளி கொடுங்கள். விதியிலிருந்து சின்னச் சின்ன விலக்குகள் தருவதை அங்கேயே முடிவுசெய்யும் அதிகாரத்தை முன்வரிசை ஊழியருக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்றாவதை முதலில் செய்யுங்கள்.